வைகை முடியும் நாடு

ஆறுகள் கடலைச் சேர்வன என்பது பள்ளிப் பிள்ளைகளுக்கு நாம் கற்பிக்கும் முதற்பாடங்களுள் ஒன்று. அப்பாடத்துக்கு அடங்காத ஆறு ஒன்று தமிழ்நாட்டில் உண்டு. வருசநாட்டு மலைகளிற் பிறந்து, மதுரைக்கு அணியாய் நடந்து, ஏறத்தாழ 258 கிலோமீற்றர் வந்த வைகை, கடல் அண்மையில் இருக்கவும் அதனைச் சென்று சேராது, இராமநாதபுரத்துப் பெரிய கண்மாயினுட் புகுந்து அடங்கிவிடுகின்றது. பெருவெள்ளம் வந்த ஆண்டுகளில் மாத்திரம், மிஞ்சிய நீர் ஆற்றங்கரை என்னும் பெயர் பூண்ட ஊரின் அருகே பாக்கு நீரிணையிற் கலக்கும்.

இதற்குப் பழம் புலவர் ஒருவர் ஒரு காரணம் கற்பித்தார். கடல் சிவபெருமானுக்கு நஞ்சைக் கொடுத்ததாம். அப்பாவியின் முகத்தில் விழிக்க வைகைக்கு மனம் இல்லையாம். தற்குறிப்பேற்ற அணிக்கு எடுத்துக்காட்டாக இதனைச் சொல்லி மாணவரை மகிழ்வித்த ஆசிரியருள் நானும் ஒருவன். நேரிற் சென்று பார்த்த பின்னரே ஓர் உண்மை புலனாயிற்று. வைகை தானாக நிற்கவில்லை. அதனை நிறுத்தி வைத்தார்கள். ஒரு துளியையும் உப்புக்குக் கொடுக்க மனம் இல்லாத மக்கள் அந்த ஆற்றைப் பிடித்துக் குளத்தில் இட்டுப் பூட்டி வைத்தார்கள்.

நான் அங்குச் செல்ல நேர்ந்தது என் மாணவர் ஒருவரால். அவர் மலைநாட்டைச் சேர்ந்தவர். எம்மிடம் இலக்கணம் படித்து இப்போது ஹற்றனில் ஆசிரியராக இருக்கின்றார். அவருடைய முன்னோர் முதுகுளத்தூருக்கு அண்மையிலுள்ள ஒரு சிற்றூரிலிருந்து பஞ்ச காலத்தில் கோப்பித் தோட்டத்துக்கு வந்தவர்கள். நான் தமிழகம் செல்லப் போகின்றேன் என்று அறிந்ததும் அவர் ஒரு விண்ணப்பம் செய்தார். “எங்கள் பாட்டி அந்த ஊரைக் கண்டதில்லை. ஆனால் அந்த ஊர்க் கண்மாய்க்கு ஆறு மடை என்றும், மூன்றாம் மடையின்கீழ் எங்கள் வயல் இருந்தது என்றும் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். மண் ஒன்றும் அள்ளி வர வேண்டாம், ஐயா. கண்மாயில் தண்ணீர் இருக்கிறதா என்று மட்டும் பார்த்து வாருங்கள்” என்றார். மண்ணைக் கேட்பவர் பலர். தண்ணீரைப் பற்றிக் கேட்டவர் அவர் ஒருவரே.

காங்கேசன்துறையிற் கப்பலேறி நாகபட்டினத்தில் இறங்கி, கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே தெற்கு நோக்கிச் சென்றேன். காவிரிப் படுகையின் பசுமை முத்துப்பேட்டை தாண்டியதும் மெல்ல மெல்லக் கழிகின்றது. தொண்டியை அடையும்போது பனையும் வெட்டவெளியும் உவர்நிலமுமே எஞ்சுகின்றன. பஸ்வண்டியின் சாளரத்தருகே இருந்த எனக்கு ஒரு மயக்கம் உண்டாயிற்று. பூநகரிக்கும் மன்னாருக்கும் இடையே செல்கின்றேனோ என்று எண்ணினேன். இடையே கடல் இல்லையாயின் இவ்விரண்டையும் வேறு நாடு என்று கூறுவது எளிதன்று.

இன்றைய இராமநாதபுர மாவட்டம் ஏறத்தாழ 4,100 சதுர கிலோமீற்றர் பரப்புடையது. 1910இல் மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களிலிருந்து பிரித்து அமைக்கப்பட்ட பழைய மாவட்டம் இதனினும் மிகப் பெரிது. 1985இல் சிவகங்கையும் விருதுநகரும் தனி மாவட்டங்களாக, கடலோரப் பகுதி இராமநாதபுரம் என்னும் பெயருடன் நின்றது. கிழக்கே பாக்கு நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. தமிழகக் கடற்கரையின் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இந்த ஒரு மாவட்டத்துக்கே உரியது. மேற்கே கமுதி, முதுகுளத்தூர், பரமக்குடிப் பக்கங்களிற் கரிசல். வடக்கே திருவாடானைப் பக்கம் நெல்வயல். கடலோரமாக மணற்றேரியும் உவர்க்களரும். மலை என்று சொல்லத்தக்கது ஒன்றும் இல்லை. நிலம் மேற்கிலிருந்து கிழக்கு நோக்கிக் கண்ணுக்குப் புலப்படாத சாய்வோடு கடலை நோக்கி இறங்குகின்றது. இந்தச் சாய்வை மறவாதிருக்குமாறு வாசகரைக் கேட்டுக்கொள்கின்றேன். அந்நாட்டின் வாழ்வு முழுவதும் அதன்மேலேதான் கட்டப்பட்டிருக்கின்றது.

இனி மழை. ஆண்டுக்குச் சராசரி 820 மில்லிமீற்றர் அளவிற் பெய்யும். தென்மேற்குப் பருவக்காற்று கொண்டுவரும் மழையை மேற்குத்தொடர்ச்சி மலைகள் மறித்துக் கேரளத்துக்குக் கொடுத்துவிடுகின்றன. இராமநாதபுரத்துக்கு வருவது காற்று மட்டுமே. ஆனி ஆடியில் புழுதியை வாரி வீசும் காற்று. ஆண்டு மழையின் ஐந்தில் மூன்று பங்கு ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாதங்களில் வடகிழக்குப் பருவத்தில் வருகின்றது. அதுவும் ஒழுங்காக வருவதன்று. வங்கக் கடலிலே எழும் தாழ்வமுக்கம் நாகபட்டினத்துக்கோ சென்னைக்கோ திரும்பிவிட்டால், இராமநாதபுரத்தார்க்கு மேகத்தைப் பார்த்த புண்ணியம் மட்டும் கிட்டும். வடகிழக்கிலிருந்து வரும் காற்று எங்கள் யாழ்ப்பாணத்தையும் வன்னியையும் நனைத்துவிட்டே நீரிணையைக் கடக்கின்றது. அவ்வூர்ப் பெரியவர் ஒருவர் நான் இலங்கையன் என்று அறிந்ததும் கேட்ட முதற்கேள்வி இது: “மழை முதலில் உங்கள் பக்கம் பெய்துவிட்டு மிச்சந்தானே ஐயா இங்கே வருகிறது?” குற்றம் சாட்டுவது போலிருந்தது. சிரித்துச் சமாளித்தேன்.

இலங்கை அவர்களுக்கு மறைப்பாக நின்று உதவியதும் உண்டு. 2004ஆம் ஆண்டு மார்கழி ஆழிப்பேரலை நாகபட்டினத்தை அழித்தபோது, இராமநாதபுரக் கரை பெரும்பாலும் தப்பியது. எமது கிழக்குக் கரை அந்த அடியை ஏற்றுக்கொண்டது. 1964 டிசம்பர் 22ஆம் நாள் நள்ளிரவிற் புயல் தனுக்கோடியை விழுங்கியபோது அத்தகைய மறைப்பு ஒன்றும் கிட்டவில்லை. நிலையத்தை அணுகிய புகைவண்டியும் அதில் இருந்தோரும் கடலுள் மறைந்தனர். அவ்வூர் இன்றுவரை ஊராகவில்லை.

இத்துணைக் குறைந்த மழையை வைத்துக்கொண்டு நெல் விளைவிப்பது எங்ஙனம்? விடை கண்மாய். நாம் குளம் என்பதை அவர்கள் கண்மாய் என்கின்றனர். ‘கண்வாய்’ என்பதன் திரிபு என்பர் அறிஞர். நீர் வெளிப்படும் வாயைக் குறித்த சொல் குளத்துக்கே பெயராயிற்று. எங்கள் வன்னியிலே துருசு என்பது அங்கே மடை. நாம் வான் பாய்கிறது என்போம். அவர்கள் கலுங்கிலே மறுகால் போகிறது என்பர். குடிநீருக்கு என்று தனியே காக்கப்படும் குளம் ஊருணி. அதிற் கால் கழுவவும் விடமாட்டார்கள். மடை திறப்பவனை மடையன் என்றார்கள், அச்சொல்லே பின்னர் வசையாயிற்று என்று அங்கே ஓர் இளைஞர் எனக்கு உற்சாகமாக விளக்கினார். மடமை வேறு, மடை வேறு. அப்பிறப்பியலை நான் நம்பவில்லை. ஆயினும், அவர் காட்டிய பழைய கல்மடையின் வேலைப்பாட்டைக் கண்டபோது, அதனை ஆக்கியவர்களுக்கும் மடமைக்கும் ஒரு தொடர்பும் இல்லை என்பதில் இருவரும் உடன்பட்டோம். கண்மாயின் உள்ளே இரு கற்றூண்கள். அவற்றினிடையே அடியில் ஒரு துளை. அதை அடைக்கும் கல். வேண்டும்போது ஒருவன் நீந்திச் சென்று மூழ்கி அதனைத் தூக்குவான். குமிழித்தூம்பு என்பது இதன் பெயர். நீரோடு சேற்றையும் இழுத்து வெளியேற்றும் வகையில் அது அமைந்திருந்தது என்கின்றனர்.

சாய்வை மறவாதிருக்கச் சொன்னேனன்றோ? மேட்டிலுள்ள கண்மாய் நிறைந்தால் அதன் மறுகால் கீழுள்ள கண்மாய்க்குச் செல்லும். அது நிறைந்தால் அதற்கடுத்தது. இவ்வாறு ஒன்றன் மிச்சம் ஒன்றுக்கு ஊணாகக் கடைசிக் கண்மாய் கடலோரத்தில் நிற்கும். மாவட்டத்திற் சிறிதும் பெரிதுமாக 1,600க்கு மேற்பட்ட கண்மாய்கள் உள்ளன. வரைபடத்திற் பார்த்தால் மீன் செதில் அடுக்கினாற்போற் காணப்படும். இராசசிங்கமங்கலத்துக் கண்மாய் இவற்றுட் பெரியது. தமிழகத்தின் மிகப் பெரிய ஏரிகளுள் ஒன்று. இராசசிங்கன் என்ற பாண்டியப் பெயரை ஊரும் ஏரியும் தாங்கி நிற்கின்றன. ‘நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை’ என்பது அதனைக் குறித்த வழக்கு. கரையின் ஒரு தலையிலிருந்து எழுந்த நாரை இடையில் இளைப்பாறாமல் மறுதலைக்குப் பறக்க இயலாதாம். நான் கண்டபோது நாரை பறக்கத் தேவையே இல்லை; நடந்தே கடந்திருக்கும். புரட்டாசி மாதம், கண்மாய் வெறுந்தரையாகக் கிடந்தது. ஆடுகள் மேய்ந்தன.

நீர்நிலை அமைத்தலைப் பற்றி அரசனுக்கு அறிவுரை கூறிய புலவர் நம் மரபில் உண்டு. புறநானூற்றிலே குடபுலவியனார் பாண்டியன் நெடுஞ்செழியனுக்கு, உணவு என்பது நிலமும் நீரும் கூடியது என்றும், நிலம் குழிந்த இடமெல்லாம் நீரைத் தேக்கியவனே இவ்வுலகிற் புகழைத் தேக்கியவன் என்றும் சொல்கின்றார். மதுரைக்கு வைகை அருகே இருந்தது. அப்புலவர் பாட்டை அந்நாட்டிலே தெருவெங்கும் எழுதி வைத்தாற்போல் வாழ்ந்தவர்கள் வைகையின் கடைமடையில் இருந்த இம்மக்களே.

சேதுபதி மன்னர்கள் காலத்திலே தண்ணீருக்காக இன்னும் துணிவான ஓர் எண்ணம் இங்கே தோன்றியது. மேற்குத்தொடர்ச்சி மலையின் அப்பால் வீணே அரபிக் கடலுக்கு ஓடும் பெரியாற்றைத் திருப்பி வைகைக்குக் கொண்டுவந்தால் என்ன? 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலே முத்துராமலிங்க சேதுபதியின் பிரதானியாகிய முத்திருளப்பபிள்ளை இதனை ஆராய்வித்தார். பொருள் போதவில்லை. சேதுபதியோ 1795இற் கும்பினியாரால் அரசிழந்து சிறைப்பட்டார். நூறாண்டு கழித்து, 1895இல், பென்னிகுயிக் என்ற பொறியியலாளர் முன்னின்று கட்டிய அணையால் பெரியாறு மலையைக் குடைந்து கிழக்கே வந்தது. வந்த நீர் கம்பம் பள்ளத்தாக்கையும் மதுரையையும் செழிக்கச் செய்தது. எண்ணியவர் கடைமடையில் இருந்தனர். உண்டவர் தலைமடையில் இருந்தனர். 1959இல் வைகையின் குறுக்கே ஆண்டிபட்டிக்கு அருகில் அணை எழுந்த பின்னர், ஆற்றின் நடையே அணைக் கதவின் திறவுகோலுக்கு உட்பட்டதாயிற்று. பழைய பாசன உரிமைப்படி ஆண்டுதோறும் இராமநாதபுரத்துக்கு நீர் திறந்துவிடுகின்றனர். மணல் நிறைந்த ஆற்றிலே அது வந்து சேர்வதும், வழியிலே வற்றுவதும், வழியிலுள்ளோர் மனத்தையும் மணலின் ஈரத்தையும் பொறுத்தது.

ஆகவே, ஆற்றுநீரை நம்பாது வானத்தை நம்பியே பெரும்பாலோர் உழுகின்றனர். ‘வானவாரி’ என்பதே மானாவாரி ஆயிற்று என்பர். இப்பிறப்பியலை நான் ஏற்கின்றேன். ஆவணியின் இறுதியிலும் புரட்டாசியிலும், ஒரு சிறு மழைக்கு நிலத்தை உழுது, காய்ந்த புழுதியிலேயே நெல்லை விதைத்துவிடுகின்றார்கள். புழுதி விதைப்பு என்பது அதன் பெயர். யாழ்ப்பாணத்துக் கமக்காரர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. நாமும் அவ்வாறே செய்கின்றோம். விதை எறும்புக்கும் பறவைக்கும் தப்பி, மழையை எதிர்நோக்கி மண்ணுள்ளே உறங்கும். ஐப்பசி மழை வந்தால் முளைத்து எழும். அதன் பின்னர் கார்த்திகை மழையிற் கண்மாய் நிறையும். மார்கழியில் மழை ஓய்ந்தபின் கதிர் முற்றும் வரைக்கும் மடை திறந்து அந்நீரைப் பாய்ச்சித் தையில் அறுப்பார்கள். கண்மாயின் பயன் ஈண்டு நுட்பமானது. பயிரை முளைப்பிப்பது வானம்; கருகாமற் காப்பது கண்மாய். ஒரு தண்ணீர், இரண்டு தண்ணீர் என்று எண்ணிப் பாய்ச்சுகின்றார்கள். அந்த ஒரு தண்ணீர் இல்லாமற் போன ஆண்டிலே, பால்பிடித்த பயிரை ஆட்டுக்கும் மாட்டுக்கும் விட்டுவிட்டுக் கரையில் நிற்க வேண்டியதுதான். ஒரு இலட்சம் ஹெக்டேயருக்கு மேற்பட்ட நெல்வயல் இவ்வாறு ஒரு போகத்துக்கு, ஒரு பருவத்தை நம்பி நிற்கின்றது. சிறுபோகம் என்ற சொல்லுக்கு அங்கே வேலை இல்லை.

நெல்லுக்கு அடுத்தது மிளகாய். முண்டு மிளகாய் என்பது அவ்வூர்க்கே சிறப்பு. நீண்டு ஒல்லியாயிராது, உருண்டு திரண்டு, தடித்த தோலோடு, பார்த்தால் சிறு தக்காளி போலிருக்கும். 2023இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. மழையிலே விதைத்து, பனியிலே வளர்த்து, மாசி முதல் சித்திரை வரை பறித்துக் களத்திலே காயவைப்பர். அப்போது அந்நாடு சிவப்புக் கம்பளம் விரித்தாற்போலிருக்கும் என்றார்கள்; நான் சென்ற மாதத்தில் அக்காட்சி இல்லை. நெல் பொய்த்த ஆண்டிலும் மிளகாய் கடனை அடைத்துவிடும் என்பது அவர்கள் நம்பிக்கை. நெல்லிலும் மிளகாய்க்குத் தண்ணீர் குறைவு; ஆனால் விலையின் ஏற்றத்தாழ்வு அதிகம். இவற்றின் பின் கரிசலிலே பருத்தி. கடலோரத்திலே, சாயல்குடி, கடலாடி, மண்டபம் பக்கமெல்லாம் பனை. பதநீரும் கருப்பட்டியும் பெட்டியும் பாயும் பற்றி யாழ்ப்பாணத்தவனாகிய நான் அங்கே கற்கத்தக்கது யாதும் இல்லை என்று செருக்கோடு சென்றேன். சாயல்குடிக் கருப்பட்டியைச் சுவைத்த பின் அச்செருக்கை மீட்டுக்கொண்டேன். இராமேசுவரத் தீவின் மணலிலே தங்கச்சிமடத்தில் மல்லிகைப் பதியன் வளர்க்கின்றனர். மதுரை மல்லிகை என்று உலகம் போற்றும் செடியின் இளமைப் பருவம் இந்தக் கடல்மணலிலே கழிகின்றது என்பது பலர் அறியாதது.

திணை இலக்கணம் கற்பிப்போர் ஒருமுறை இந்நாட்டைக் காண்பது நன்று. முல்லையும் குறிஞ்சியும் முறைமை திரிந்தால் பாலையாகும் என்ற இளங்கோவடிகளின் இலக்கணத்தை நாம் நூலிற் படிக்கின்றோம். இங்கே மருதம் பாலையாவதை மாதக் கணக்கிற் காணலாம். தையில் மருதம், வைகாசியிற் பாலை, மூன்று நாழிகை கிழக்கே நடந்தால் நெய்தல்.

முதுகுளத்தூரில் இறங்கி மாணவர் சொன்ன ஊரை விசாரித்துச் சென்றேன். ஊர் இருந்தது. கண்மாயும் இருந்தது. ஆனால், கரைமேல் ஏறி நின்ற எனக்குக் கண்மாய் புலப்படவில்லை, காடே புலப்பட்டது. சீமைக் கருவேலம். வேலிக்காத்தான் என்றும் சொல்வர். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்கக் கண்டத்துப் பக்கமிருந்து இந்தியாவுக்கு வந்த முள்மரம். விறகுக்கு உதவும், வறட்சியில் வாடாது என்று பரப்பினார்கள். வாடவே இல்லை. வயல் தரிசானால் வயலுக்கும், கண்மாய் வற்றினால் கண்மாய்க்கும் வந்துவிடுகின்றது. நிலத்தடி நீரை எல்லாம் அது உறிஞ்சிவிட்டது என்று சிலர் கூறுவது பற்றி அறிவியலார் தம்முள் வழக்கிடுகின்றனர். கண்மாயின் உள்வாயையும் வரத்துக்கால்வாயையும் அடைத்துக்கொண்டு நிற்பதற்கு வழக்கு வேண்டுவதில்லை, கண்கூடு. 2017இல் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இதனை அகற்றுமாறு கட்டளையிட்டது. வெட்டினார்கள், மீண்டும் துளிர்த்தது. ஒன்றையும் சொல்லவேண்டும். மழை பொய்த்த ஆண்டுகளில் இம்மரத்தை வெட்டி மூட்டம் போட்டுக் கரியாக்கி விற்றே பல குடும்பங்கள் உலை வைத்தன. பகைவனே சோறு போட்டான் என்பது போன்ற நிலை. அதனால் அம்மரத்தைத் திட்டும்போது அங்குள்ளோர் குரலில் முழு வெறுப்பு இல்லை.

முன்னே குறித்த பெரியவர் அவ்வூரினரே, எழுபது கடந்தவர். அவருடைய பாட்டனார் நீர்க்கட்டியாக இருந்தவராம். நீர்க்கட்டி என்பவர், இன்னார் வயலுக்கு இத்துணை நாழிகை என்று நீரைப் பங்கிடுபவர். வழக்கமாக அப்பணிக்கு ஆயக்கட்டில் வயல் இல்லாதவரையே அமர்த்துவர். தன் வயல் இருந்தால் மனம் கோணும் என்பது காரணம்; களத்திலே நெல்லாகக் கூலி அளப்பர். கோடையில் வீட்டுக்கு ஓர் ஆள் வந்து கண்மாயில் வண்டல் வெட்டி, வண்டியில் ஏற்றி வயலிற் கொட்டுவர். கண்மாய்க்கு ஆழம், வயலுக்கு உரம். குடிமராமத்து என்ற பெயரில் இது நடந்தது. சமீன் ஒழிப்புச் சட்டம் 1948இல் வந்த பின்னர் கண்மாய்கள் அரசாங்கத்தின் பொறுப்பாயின. “அதன்பிறகு கண்மாய் எல்லார்க்கும் சொந்தம், ஐயா. அதனால் யாரும் மண்வெட்டி எடுக்கவில்லை” என்றார். சமீன் காலத்துக் கொடுமைகளை அவர் மறந்தவரல்லர், அவற்றையும் சொன்னார். 2017இல் குடிமராமத்து என்ற பழைய பெயரிலேயே தமிழக அரசு ஒரு திட்டம் தொடங்கியது. சில இடங்களிற் கரை உயர்ந்தது. அவ்வூரில் வரத்துக்கால்வாய் பாதி தூரம் வெட்டப்பட்டு நின்றிருந்தது. காவிரி நீர் குழாய்வழியே குடிநீராக அவ்வூர்ப் பக்கம் வருகின்றது. காவிரியையும் வைகையையும் குண்டாற்றையும் இணைக்கும் பெருங்கால்வாய்க்கு 2021இல் அடிக்கல் நாட்டினார்கள். அது எப்போது வரும் என்று கேட்டேன். பெரியவர், “முதலில் இந்தக் கால்வாய்” என்று பாதியில் நின்ற வரத்துக்காலைக் காட்டினார்.

அருகிலுள்ள சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் கண்மாய்களுக்கும் அவரே என்னை அழைத்துச் சென்றார். அங்கே நாட்டுக் கருவேல மரங்கள் நிற்கின்றன. மழை பெய்து நீர் தேங்கினால் நாரையும் கொக்கும் அரிவாள்மூக்கனும் வந்து கூடு கட்டும். 2022இல் இவ்விரண்டும் ராம்சார் உடன்படிக்கைப்படி உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களாகச் சேர்க்கப்பட்டன. உழவனுக்கு வெட்டிய குளம் பறவைக்கு வீடாயிற்று. மழை பெய்யாத ஆண்டிலே பறவைகள் வருவதில்லை. மனிதரும் அவ்வாறே, திருப்பூருக்கும் சென்னைக்கும் வளைகுடா நாடுகளுக்கும் போய்விடுகின்றனர். முன்னோர் எமது நாட்டுக்கு வந்தனர். தலைமன்னாரில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தனர். வழியிலே விழுந்தவர் பலர். 1964இல் சிறிமா-சாஸ்திரி உடன்படிக்கை ஏற்பட்ட பின் அவர்தம் பேரப்பிள்ளைகள் பலர் மண்டபத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். நம் மலைநாட்டின் தேயிலைச் செடியின் வேரைத் தோண்டிக்கொண்டே போனால், எங்கோ ஓரிடத்தில் இராமநாதபுரத்தின் வற்றிய கண்மாய் ஒன்று தோன்றும்.

ஆறு மடைகளையும் எண்ணினேன். மாணவரின் பாட்டி சொன்னது சரி, ஆறே. நான்காவதும் ஆறாவதும் தூர்ந்து கிடந்தன. மூன்றாம் மடை நன்றாகவே இருந்தது. அதன்கீழ் உள்ள வயலிற் பெரியவரின் மருமகள் புழுதியிலே நெல் விதைத்துக்கொண்டிருந்தார். மண்ணை ஒரு பிடி எடுத்துப் பார்த்தேன். ஈரம் என்பது பெயரளவுக்கும் இல்லை. இம்மண்ணில் விதையைப் போட எப்படி மனம் வருகின்றது என்று கேட்டேன். “போடாவிட்டால் மழை வந்த பின்னே போட நாளிருக்காதே, ஐயா” என்றார் அந்த அம்மையார், கையை நிறுத்தாமலே.

ஊர் திரும்பினேன். ஐப்பசி இரண்டாம் வாரத்தில் ஒரு நாள் மாலை வடகிழக்கில் வானம் இருண்டது. இரவு முழுவதும் யாழ்ப்பாணத்தில் நல்ல மழை. காலையிலே பெரியவருடன் தொலைபேசியிற் பேசினேன். அங்கே மேகம் வந்து போயிற்று, தூறலும் இல்லை என்றார். விதை மண்ணுள்ளே இருபத்தைந்து நாளாய்க் கிடந்தது. ஒரு கிழமை கழித்துப் பேசினேன். ஓர் உழவு மழை பெய்து முளைத்துவிட்டது, ஆனால் கண்மாய்க்கு ஒன்றும் வரவில்லை என்றார். அதன்பின் நான் வானொலியில் வானிலை அறிக்கை கேட்கும்போது எங்கள் பகுதியோடு நிறுத்தாமல் மன்னார் வளைகுடா என்ற சொல் வரும்வரை காத்திருக்கத் தொடங்கினேன்.

கார்த்திகை நடுவில் அவரே அழைத்தார். மூன்று நாள் விடாத மழை. மேலைக் கண்மாய் நிறைந்து மறுகால் போகிறது. பாதி வெட்டிய வரத்துக்கால் வழியே வந்த நீர் வந்தவரை வந்து, கண்மாயில் இடுப்பளவு நிற்கின்றது. மார்கழி கடைசியில் இரண்டு மடை திறக்கலாம் என்றார். அன்றிரவே ஹற்றனுக்குச் சொன்னேன். மறுமுனையிற் சிறிது நேரம் பேச்சில்லை. பின்னர், “எந்த இரண்டு மடை, ஐயா?” என்று கேட்டார்.